சம்பந்தி தலையில் முளைத்த முடி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே அதே மாதிரி இருக்க வேண்டும். உங்களோடு இருக்கிற உன் மாமனார் சௌக்கியமா என்று தனியாகக் கேட்கவில்லை, அவர் எவ்வளவு சௌக்கியம் என்பதை நீ அனுப்பிய போட்டோவிலேயே பார்த்துவிட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறாய், நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பக்கம் சம்பந்தி ஆமாம் ஆமாம் என்கிறார், நான் இருமினால்கூட வெந்நீர் குடிங்க சம்பந்தி என்று அவர்தான் முந்திக்கொள்கிறார். இந்தப் பக்கம் உன் அம்மா பாதிப் பேச்சில் போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறாள். அப்பனும் பிள்ளையும் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் இனிமேல் காகிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இதை நீ மட்டும் படி, சத்தம் போட்டுப் படிக்காதே.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததைச் சரி செய்தாயிற்று, சரி செய்ய வந்தவர் சுவரை உடைத்துவிட்டுப் போனார், இப்போது சுவரைச் சரி செய்ய இன்னொருவர் வர வேண்டும். உன் அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாக முனகுகிறாள். ஸ்டூடியோவில் வேலைக்குக் குறைவில்லை, பள்ளிக்கூடங்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் சமயம், கண்ணை மூடாத பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. படங்களைத் திருத்துவதற்கு ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன், கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கம்ப்யூட்டர் பொண்ணு என்றே கூப்பிடுகிறார்கள். கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். இந்த வருஷம் உனக்கு லீவு கிடைக்காது என்று சொன்னாயாமே, அதையும் நீ என்னிடம் சொல்லவில்லை, உன் அம்மா வழியாகத்தான் வந்தது. சரி, அது இருக்கட்டும்.

இப்போது அந்தப் போட்டோவுக்கு வருகிறேன். ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு உன் மாமனார் உட்கார்ந்திருக்கிறார், தோளில் துண்டு, கண் மூடியிருக்கிறது, முகத்தில் ஒரு சிரிப்பு. அவருக்குப் பின்னால் நீ குனிந்து நின்று பத்து விரலையும் அவர் தலையில் பதித்து அமுக்கிக்கொண்டிருக்கிறாய். மருமகள் எடுத்த படம் என்று நினைக்கிறேன், நல்ல வெளிச்சம், குறை சொல்ல முடியாது. கீழே நீ எழுதியிருக்கிறாய், அப்பா, மாமாவுக்கு எப்படி முளைச்சிருக்கு பாருங்க, தினமும் சாயந்தரம் பிடிச்சு விடறேன், நீங்களும் இந்த மசாஜையும் பயிற்சியையும் செஞ்சு பாருங்க என்று. உன் கல்யாணத்தின்போது அவருக்கும் எனக்கும் தலை ஒரே மாதிரி நெற்றி ஏறியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஃப்ளாஷே தேவையில்லை என்று நானே சொல்லிச் சிரித்தேன். போன வருஷம் அவருக்கு அந்தப் பெரிய காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மிச்சம் இருந்ததும் கொட்டிவிட்டது. வீடியோவில் அந்தத் தலையைப் பார்த்துப் பாவம் என்று சொன்னேன், உள்ளுக்குள் நம்மைவிட மோசமாக ஒரு ஆள் இருக்கிறார் என்று ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. இப்போது அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கட்சி மாறிவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. அப்பன் மகனிடம் இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான். முடியைப் பார்த்து எரிந்தது கால் பங்கு என்றால் உன் விரல்களைப் பார்த்து எரிந்தது முக்கால் பங்கு. நான் பெற்ற பிள்ளை, நான் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை, தினமும் சாயந்தரம் வேலை முடிந்து வந்து இன்னொருவர் தலையைப் பிடித்து விடுகிறான், அவர் கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருக்கிறார். எனக்கு வருவது அதைச் செய்து காட்டுகிற ஒரு வீடியோவும், செஞ்சு பாருங்க என்கிற உபதேசமும். ஒருவேளை படத்தில் ஏதாவது வேலை செய்திருப்பீர்கள் என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன், எத்தனை பேருக்கு இல்லாத முடியை வைத்துக் கொடுத்தவன் நான், என் கண்ணை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு முடியும் உண்மை. குட்டையாக, நரைத்து, புல் முளைத்த மாதிரி நிற்கிறது. கம்ப்யூட்டர் பொண்ணு எட்டிப் பார்த்து, யார் சார் இவரு, முகத்துல என்ன ஒரு களைன்னு கேட்டாள், அன்றைக்கு அவளோடு நான் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு நானும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஆரம்பித்துவிட்டேன். நீ அனுப்பிய வீடியோவில் சொன்னபடி நகம் படாமல் விரல் நுனியை மட்டும் பதித்து, முடியைத் தேய்க்காமல் தோலை எலும்பின் மேல் நகர்த்தி, பிடரியில் தொடங்கி காதுக்கு மேலே வந்து நெற்றிப்பொட்டில் வட்டம் போட்டு உச்சியில் முடித்தேன். என் தலையில் பாதி இடத்தில் தேய்க்க முடியே இல்லாததால் அந்த விதியைக் கடைப்பிடிப்பது எனக்குச் சுலபமாகவே இருந்தது. பிறகு அந்தப் பயிற்சிகள், புருவத்தை மேலே தூக்கி நிறுத்தி மெதுவாக இறக்குவது, நெற்றியைச் சுருக்கி விரிப்பது, காதைப் பின்னால் இழுக்கிற மாதிரி மண்டைத் தோலை அசைப்பது, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்புவது. வீட்டில் செய்தால் உன் அம்மா சிரிக்கிறாள் என்று கடையில் செய்தேன். ஒரு நாள் நம் தபால் ஆபீஸ் அம்மாள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார்கள், காமிராவுக்குப் பின்னால் நின்று நான் என் பாட்டுக்குப் புருவத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் நான் ஏதோ சைகை காட்டுகிறேன் என்று நினைத்து அவர்களும் தூக்கியிருக்கிறார்கள். எடுத்த படம் எல்லாவற்றிலும் வீட்டில் திருடன் புகுந்ததைப் பார்த்தவர் மாதிரி இருக்கிறார்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் கடை வாசலில் நின்று, நீங்கதானே சார் தூக்கச் சொன்னீங்கன்னு கேட்டபோது கம்ப்யூட்டர் பொண்ணு மேஜைக்கு அடியில் தலையை விட்டுச் சிரிக்கிறாள்.

கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டு ரத்தத்தை மண்டைக்கு இறக்க வேண்டும் என்றும் அந்த வீடியோவில் வந்தது. அதையும் ஒரு மத்தியானம் செய்தேன். உன் அம்மா துணி எடுக்க வந்தவள் நான் தலைகீழாகக் கண் மூடிக் கிடப்பதைப் பார்த்து அலறி, கையில் இருந்த சொம்புத் தண்ணீரை முகத்தில் கொட்டிவிட்டாள். மூக்கில் ஏறி நான் இருமி எழுந்ததும், உசுரோடதான் இருக்கீங்களா, அப்ப தலகாணி ஏன் நனைஞ்சு போச்சுன்னு என்னையே திட்டுகிறாள். எனக்கு வயசாகிவிட்டது, தலை சுற்றுகிறது, அந்த ஒரு பயிற்சியை மட்டும் விட்டுவிட்டேன். நீயும் செய்யாதே, சம்பந்தியையும் செய்ய விடாதே, இரத்தக் கொதிப்பு இருக்கிறவர். அன்று சாயந்தரம் உன் அம்மாவிடம், அவன் அங்கே மாமனாருக்குப் பிடித்து விடுகிறான், நீ எனக்குப் பிடித்து விடக்கூடாதா என்று கேட்டேன். இருக்கிற நாலு முடியும் என் கையோட வந்துச்சுன்னா காலம் பூரா நான்தான் பிடுங்கினேன்னு சொல்லுவீங்க, நான் வரலை சாமின்னு சொல்லிவிட்டாள்.

பிறகு தோல் டாக்டரிடம் போனேன். என் தலைக்கு வழி கேட்கத்தான் போனதாக உன் அம்மாவிடம் சொன்னேன், உண்மையில் சம்பந்தியின் படத்தை அச்சுப் போட்டுப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் என் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தை நீட்டி, இது எப்படி என்று கேட்டேன். அவர் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்துவிட்டு, பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு, உடம்பு தேறினால் பெரும்பாலும் தானாக முளைத்துவிடும், மசாஜ் செய்தாலும் செய்யாவிட்டாலும் வந்திருக்கும் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. தானாக வந்த முடி! உன் விரலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! என் தலையைத் தடவிப் பார்த்து, இங்கே வேர் மூடி வருஷக்கணக்காகிவிட்டது, பிடித்து விட்டால் சுகமாக இருக்கும், தூக்கம் நன்றாக வரும், அதோடு சரி என்றார். அதுகூட எனக்கு வருத்தமாக இல்லை. இளவயசில் இப்போதுதான் முடி மெலிய ஆரம்பித்தவர்கள்தான் சீக்கிரமாக வர வேண்டும், மசாஜை மட்டும் நம்பி நாளைக் கடத்தினால் வேர் போய்விடும் என்றும் ஏதோ சொன்னார். எனக்கு அது எதற்கு என்று அரைக் காதில் கேட்டுக்கொண்டு, வழியில் ஒரு டீ குடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன்.

வந்தால் உன் அம்மா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டி ஹாலில் தொங்கவிட வேண்டும் என்கிறாள். பிள்ளை நல்லா விழுந்திருக்கான்னு ஒரே பிடிவாதம். என் வீட்டு ஹாலில், நான் காலையில் எழுந்து வரும்போது, சம்பந்தி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போய் நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், அந்தப் பெண்ணிடம் கொடுக்கவில்லை. சம்பந்தியை முழுசாக வெட்டி எடுத்தேன். உன் கையை மணிக்கட்டோடு நிறுத்தி, எங்கோ மேஜைமேல் ஊன்றியிருக்கிற மாதிரி செய்தேன். நீ மட்டும் குனிந்து நிற்கிறாய், முகம் பாதி தெரிகிறது, தலை முன்னால் இருக்கிறது. உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று விழுந்திருக்கிறது என்று நினைத்தேன், இப்படி வெளிச்சம் அடித்த இடத்தைத் தினமும் சரி செய்கிற கைதானே, யோசிக்கவே இல்லை, பக்கத்தில் இருந்த முடியை எடுத்து அந்த இடத்தில் வைத்து, ஓரத்தை மெழுகி, இழை இழையாக இழுத்துவிட்டேன். ரொம்ப நன்றாக வந்தது. அச்சுப் போட்டு, கண்ணாடி மாட்டி, நானே ஆணி அடித்து மாட்டினேன்.

உன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். சம்பந்தி எங்கே என்று கேட்பாள், பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தாள், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். அவன் உச்சியில இருந்த சொட்டையை என்ன பண்ணீங்கன்னு கேட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. எந்தச் சொட்டை என்று கேட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எல்லாம் வந்தது, ஆபீஸில் வேலை மாறியதிலிருந்து உனக்குத் தூக்கம் சரியில்லை என்று, தலையணையில் முடி முடியாகக் கிடக்கிறது என்று, குளித்தால் கையோடு வருகிறது என்று. உன் ஆபீஸ் பக்கத்தில் யாரிடமோ போய் இந்த மசாஜையும் பயிற்சியையும் உனக்காகத்தான் கற்றுக்கொண்டாய் என்று. நான் உன் மாமனாருக்காக நீ இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்டாய் என்று எத்தனை நாள் வயிறெரிந்தேன் தெரியுமா. ஊரில் எல்லாத் தலையையும் உற்றுப் பார்த்தவன், மாமனார் தலையில் ஒவ்வொரு முடியாகப் பார்த்தவன், அதே படத்தில் என் பிள்ளை தலையை வெளிச்சம் என்று நினைத்திருக்கிறேன்.

அதற்கு மேல் எனக்குக் கோபம் வந்தது, உன் அம்மாவிடம் சொன்னவன் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள், அப்பா தலைதான் எனக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சா அவர் மனசு உடைஞ்சு போயிடும்மா, சொல்லாதேன்னு சொன்னான் என்று. அட பைத்தியக்காரா! உன் அம்மா பிறந்த வீட்டில் பெரிய மாமாவிலிருந்து சின்ன மாமாவரைக்கும் எல்லாருக்கும் காடு மாதிரி முடி, பழியைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு ஆளே இல்லை, அது எனக்குத் தெரியாதா. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. அவள் அப்படிச் சொன்னதும் ஒரே ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. உன் மாமனார் என்னதான் உனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாலும், உன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாலும், இதை அவரால் உனக்குத் தர முடியாது, இதைத் தர நான் ஒருத்தன்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் உன் தலையணையில் கிடக்கிற முடி ஞாபகம் வந்து அந்தப் பெருமை போய்விட்டது.

மறுநாள் கடையைத் திறந்ததும் அந்தப் படத்தை மறுபடி கம்ப்யூட்டரில் திறந்தேன். வைத்த முடியை எல்லாம் எடுத்துவிட்டேன். வைப்பதற்கு ஆன நேரத்தைவிட எடுப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. உன் சுழி எனக்கு இருக்கிற மாதிரியே இடது பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அதைச் சுற்றித்தான் மெலிந்திருக்கிறது, எனக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. தோல் இன்னும் பளபளப்பாகவில்லை, பூ முடி இருக்கிறது, பெரிதாக்கி நன்றாகப் பார்த்துவிட்டேன். அதை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன், இந்தத் தடவை இரண்டு காதையும் கொடுத்துக் கேட்டேன். படத்தை வைத்து முழுசாகச் சொல்ல முடியாது, நேரில் ஒரு தோல் டாக்டர் பார்க்க வேண்டும், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், மருந்து தேவைப்பட்டால் இப்போதே தொடங்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம், மசாஜ் கூடவே நடக்கட்டும், மனசுக்கு நல்லது என்றார். என் பிள்ளை அவனே பிடித்து விட்டுக்கொள்கிறான் டாக்டர் என்றேன். தன் தலைக்குத் தானே செய்தால் தோளும் கையும் இறுகித்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தலையை இன்னொருத்தர் கையில் கொடுத்தால்தான் முழு ஓய்வு என்றார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உன் அம்மாவை உட்கார வைத்துப் பிடித்துப் பார்த்தேன். என்னங்க இதுன்னு கூச்சப்பட்டாள், பிடரியில் கட்டைவிரலை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தலை என் வயிற்றில் சாய்ந்துவிட்டது, தூங்கிவிட்டாள். என் கைக்கு இவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது. ஆனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, நீ இந்த வருஷம் வர மாட்டாய், அடுத்த வருஷம் எப்படியோ. முடி லீவுக்காகக் காத்திருக்காது. உன் மாமனாரின் கை உனக்கு ஒரு எட்டில் இருக்கிறது. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குப் புரியும்.

அதனால் நீ ஆபீஸ் போன நேரமாகப் பார்த்துச் சம்பந்திக்கு நானே போன் செய்தேன். நான் தனியாகக் கூப்பிட்டதில் அவர் பயந்துபோய் வீட்டில் யாருக்கு என்ன என்று பதறினார். என் பிள்ளை தலையைக் கொஞ்சம் பிடித்து விடுங்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார், நான் எத்தனையோ தடவை கேட்டுட்டேன் சம்பந்தி, மாப்பிள்ளை குனிய மாட்டேங்கறார், பரவாயில்ல மாமா நான் பாத்துக்கறேன்னு குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாப் பண்றார், ஒரு நாள் சோபாவுல தூங்கினப்ப மெதுவாக் கை வச்சேன், முழிச்சு எழுந்து போயிட்டார் என்று. என் முடி காய்ச்சல்ல போனது, தானா வரும்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார், அந்தப் பத்து நிமிஷம் மாப்பிள்ளை பக்கத்துல நிக்கறாரேன்னுதான் உட்கார்றேன் என்றும் சொன்னார். நான் அவ்வளவு சந்தோஷத்தோடு சேர்த்து வைத்திருந்த டாக்டர் சமாச்சாரம் அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அந்த மனுஷனிடம் ஒரு விஷயத்திலாவது ஜெயிக்கலாம் என்று பார்த்தால் விட மாட்டேன் என்கிறார். நீ தூங்கும்போது கை வைத்தாராம், அதைக் கேட்டும் சுருக்கென்றுதான் இருந்தது.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த வாரமே தோல் டாக்டரைப் பார், மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, நீ தனியாகப் போனால் பாதியை மறைத்துவிடுவாய். கண்ட கண்ட எண்ணெயை வாங்கித் தடவாதே, ஈரத் தலையைச் சீப்பால் இழுக்காதே, துண்டால் அழுத்தித் துவட்டாதே. புருவப் பயிற்சியை எப்போது வேண்டுமானாலும் செய், ஆபீஸில் யாருக்கும் எதிரே நின்று செய்யாதே. ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டு படுக்காதே. கொட்டினாலும் கொட்டட்டும், இந்தத் தலையோடுதான் உன் அம்மா என்னோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள், ஒரு குறையும் சொன்னதில்லை, முனகுவது முழங்காலுக்கு மட்டும்தான். ஆனால் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் இருக்காதே.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். பேத்திக்குத் தாத்தாவின் முத்தம், அவளுக்கு என் தலை வராது, பயப்படாதே. டாக்டரிடம் போகும் தேதியை மறக்காமல் அம்மாவிடம் சொல், இந்தத் தடவை என்னிடமும் சொல். இது கிடைத்த அன்று சாயந்தரமே வேலை முடிந்து வந்ததும் சம்பந்தியின் தலையைப் பிடித்து முடித்த பிறகு அந்த நாற்காலியில் நீ உட்கார். கண்ணை மூடு. தலையைக் குனிந்து அவர் கையில் கொடு, அப்பா சொன்னார் என்று சொல்லிக் கொடு. அவர் எவ்வளவு நேரம் பிடித்தாலும் எழுந்து போகாதே. சுகமாக இருந்தால் மருமகளிடம் சொல், உன் அம்மாவிடம் சொல், அவரிடமே வேண்டுமானாலும் சொல். எனக்கு மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா